பன்னெண்டுக்குப் பதினஞ்சு படம்

மாத்தளை டவுன்ல, பஸ் ஸ்டேண்டுக்கு மேல, திருகோணமலை வீதியில கலந்தர் மொதலாளியோட ஸ்டூடியோ. நான் அங்க பின்னுக்கு உக்காந்து கண்ணாடி வெட்டி ப்ரேம் அடிக்கிறவன். பேரு இருளாண்டி. பேரக் கேட்டு சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போங்க, எனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது. நான் சொல்ல வந்தது என் கதையும் இல்ல. முன்னுக்கு கம்ப்யூட்டர் மேசையில உக்காந்து போட்டோ வெட்டிக்கிட்டு இருந்திச்சே சந்திரகாந்தா, அந்தப் புள்ளயோட கதை.

வெட்டுறதுன்னா கத்தரிக்கோல எடுத்து இல்ல. சனங்க டிஜிடல் கெமராவ கழுத்துல மாட்டிக்கிட்டு அலைய ஆரம்பிச்ச காலம் அது. கல்யாணத்துல ஒரு பட்டாளமே நின்னு எடுத்த படத்த சீடியில போட்டுக் கொண்டாந்து, "இத அந்தா தொங்குதே, அந்த ப்ரேமுக்குள்ள போடு"ன்னு நிப்பாங்க. படம் நீட்டுவாக்குல இருக்கும், ப்ரேம் சதுரமா இருக்கும். எப்புடிய்யா போடுறது? ஒண்ணு, ஓரத்துல நிக்கிற ஆள வெட்டணும். இல்லாட்டி மேலயும் கீழயும் வெள்ளக் காயிதம் பல்லக் காட்டும். வெள்ள தெரிஞ்சாலும் சண்ட, வெட்டுனாலும் சண்ட. அதனால அந்தப் புள்ள மொதல்லயே பணிவா கேட்டுடும்: "யார எடுக்குறதுங்க?"

கேட்டதும் சனங்க வெக்கப்படுவாங்கன்னு நெனைக்கிறீங்களா? அட நீங்க வேற! கம்ப்யூட்டர் கண்ணாடியில வெரல வச்சே காட்டுவாங்க. "இந்தா ஓரத்துல நிக்கிறா பாரு, ஓடிப்போனவ, இவள எடு." "இந்தக் கெழவனுக்கு எதுக்கு எடம், எடுத்துடு." புள்ள பெறலன்னு ஒரு மருமகள, அவ பக்கத்துல நிக்கும்போதே வெட்டச் சொன்ன மகராசியும் உண்டு. ஆடு வெட்டுறவன்கூட அதுக்கு ஒரு வாய் தண்ணி குடுப்பான். சந்திரா மவுஸ நகட்டும், ஆளு காணாமப் போயிடும். ப்ரிண்ட் என் மேசைக்கு வரும்.

எங்க சனத்துக்கிட்ட இன்னொரு வழக்கம் இருக்கு. உசிரோட இருக்கவங்கள ஒத்தையா பெரிசாக்கி செவத்துல மாட்ட மாட்டாங்க. சோடியா மாட்டுவாங்க, புள்ளகுட்டியோட மாட்டுவாங்க. ஒத்த ஆளு, பன்னெண்டுக்குப் பதினஞ்சு இஞ்சி சைஸ், ப்ரேமுக்கு மேல ஒரு செவப்பு பல்புன்னா ஆளு போயிட்டான்னு அர்த்தம். யாராச்சும் கவுண்டருல வந்து "இவர மட்டும் தனியா பெரிசாக்கணும்"னு சொன்னா போதும், நான் எந்திரிச்சு கறுப்பு ப்ரேமத் தேடப் போயிடுவேன். செத்தது எப்பன்னு மட்டும்தான் கேக்க வேண்டியிருக்கும்.

சந்திரா எங்க தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்த புள்ள. எல்கடுவைக்கு ஏறுற ரோட்டுல எங்க லயம், தோட்டத்து ஆளுங்களுக்குக் கட்டுன வரிச வீடு. என் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி வேலம்மாக்கா வீடு. வேலம்மாக்காவுக்கு ஒரு மகன் அழகமுத்து, ஒரு மக புஷ்பவதி. புருசன் எப்பவோ போய்ச் சேந்துட்டாரு. அழகமுத்து கொழும்புல, புறக்கோட்டையில, ஒரு சாமான் கடையில மூட்ட தூக்குனான். நல்ல பையன்னு ஊரே சொல்லும். நானும் சொல்லுவேன், ஆனா வாய் கொஞ்சம் நீளம், கோவம் வந்தா முன்ன பின்ன பாக்க மாட்டான். சந்திராவுக்கு தாயும் இல்ல தகப்பனும் இல்ல. டவுன்ல ஒரு டீச்சரம்மா வீட்டுல வேல செஞ்சுக்கிட்டே கம்ப்யூட்டர் படிச்ச புள்ள. கலந்தர் மொதலாளிக்கிட்ட அத வேலைக்குச் சேத்து விட்டதும் நான்தான், அழகமுத்துவுக்குப் பேசி முடிச்சதும் நான்தான்.

ரெண்டாயிரத்து அஞ்சுல மாரியம்மன் கோயில்ல கல்யாணம். மொதலாளியே புதுக் கெமராவோட வந்து படம் புடிச்சாரு. எல்லாரையும் எடுத்து முடிச்சிட்டு, கோயில் செவத்தோரம் பொண்ணு மாப்பிள்ளைய மட்டும் நிப்பாட்டி, "புள்ள, மாப்புளட தோளுல கைய வைங்க. வைங்க புள்ள, கடிக்க மாட்டாரு"ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். அந்தப் புள்ள தலைய குனிஞ்சுக்கிட்டே கைய வச்சிச்சு. மருதாணி போட்ட கை, மணிக்கட்டு நெறைய கண்ணாடி வளையல். வேலம்மாக்கா மட்டும் சிரிக்கல. "தாலி ஏறி இன்னும் சூடு ஆறல, அதுக்குள்ள தோளுல கையப் போட்டுட்டா பாத்தியா"ன்னு என் காதுல சொல்லிச்சு. "அடச் சும்மா இருக்கா"ன்னு நான் அதட்டுனேன். அந்தக் கை அதுக்கு அன்னைக்கே ஆகல.

கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருசம் போகல. அழகமுத்துவ கொண்டு போயிட்டாங்க. கட வாசல்ல நின்னு மூட்ட எறக்கிக்கிட்டு இருந்திருக்கான். வேன் ஒண்ணு வந்து நின்னிருக்கு. ஐடென்டி கார்ட் கேட்டாங்களாம், ஏத்துனாங்களாம், போயிட்டாங்களாம். அவ்வளவுதான். எந்தப் பொலிஸ்ல கேட்டாலும் எங்ககிட்ட இல்லைங்கிறான். அப்ப கொழும்புல எத்தன பேரு அப்புடிப் போனாங்க, யாரு கணக்கு வச்சா?

சேதி வந்த மறுநாளு சந்திரா வேலைக்கு வந்திச்சு. மேசை லாச்சியத் தெறந்து கல்யாண சீடிய எடுத்துப் போட்டிச்சு. அந்த சோடிப் படத்தத் தெறந்து, அவன் மூஞ்சிய மட்டும் சுத்திக் கோடு போட்டு, மிச்சத்த வெட்டி எறிஞ்சிச்சு. மிச்சம்னா அது தானே! பட்டுச் சேல கட்டி மாலையும் கழுத்துமா நின்ன தன்னையே வெட்டிப் போட்டிச்சு. பாஸ்போட் சைசுல தாள் தாளா அடிச்சு, கைப்பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிச்சு. மொதலாளி ஒரு வார்த்த கேக்கல, அத மட்டும் நான் ஒத்துக்கிறேன்.

அதுக்கப்பறம் லீவு கெடைக்கிற நாளெல்லாம் அந்தப் புள்ள பஸ்லயும் ரயில் கோச்சியிலயும்தான். பொலிஸ், கேம்ப், மனித உரிமை ஆபீஸ், செஞ்சிலுவை, எங்க ஆளு வச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டாலும் அந்தப் படத்த நீட்டும். "இவர் பேர் அழகமுத்து, நான் இவருட சம்சாரம்"னு சிங்களத்துல சொல்லப் பழகி வச்சிருந்திச்சு. படத்தப் பாத்து "கொட்டியா?"ன்னு கேப்பானுங்களாம். புலியாம்! மூட்ட தூக்குனவன் புலியாம்! ஒருத்தன் படத்த வாங்கி பல்லக் குத்திட்டு கீழ போட்டானாம். அத ஏன் என்கிட்ட வந்து சொல்லிச்சுன்னு தெரியல, கேட்டதுல இருந்து ஒரு கெழம எனக்குக் கண்ணாடி நேரா வெட்ட வரல.

நெத்தியில பொட்டு மட்டும் பெருசா வச்சிருக்கும். முன்னையவிடப் பெருசா. லயத்துப் பொம்பளைங்களுக்கு அதப் பாக்கப் பொறுக்கல. தண்ணி புடிக்கிற பீலியடியில நின்னு, "புருசன் இருக்கானா இல்லையான்னே தெரியல, பொட்டப் பாரு, பூவப் பாரு"ன்னு பேசுவாளுங்க. அவளுங்க வாயில புழு வைக்க!

இதுக்கு நடுவுல பொலிஸ் லயத்துக்கும் வரும். அழகமுத்துவ புடிச்சுட்டுப் போனதே அரசாங்கம்னு நாங்க நெனைச்சுக்கிட்டு இருக்க, இங்க இருக்க பொலிஸ் வந்து "அழகமுத்து எங்க? காட்டுக்குப் போயிட்டானா?"ன்னு கேக்குறான். பானைய உருட்டுறான், துணிய எறைக்கிறான். வேலம்மாக்கா ஒவ்வொரு தடவையும் வாசல்ல விழுந்து கும்புடும். ஒரு மனுசி எத்தன தடவ விழும்? அந்தக் கோவம் எல்லாத்தையும் மருமக மேல காட்டிச்சு. "நீ காலடி வச்ச நேரம்தான்டி"ன்னு ஆரம்பிச்சா நிப்பாட்டாது.

ரெண்டாயிரத்து எட்டுல புஷ்பவதிக்கு ஒரு எடம் வந்திச்சு. ரத்தோட்டப் பக்கத்து மாப்பிள்ள, பொறுப்பான பையன். மாப்பிள்ளையோட மாமன் பொன்னையா கங்காணி. ஆளு வந்து பலகையில உக்காந்து, தேத்தண்ணிய உறிஞ்சிக்கிட்டே சொன்னாரு: "எல்லாம் சரிங்க. இந்த வீட்டுல ஆம்பள ஒருத்தன் இருக்கானா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க. இருக்கான்னா, நாளைக்கு பொலிஸ் எங்க வீட்டுக்கும் வரும், ஒன் மச்சான் எங்கடான்னு எங்க பையன புடிச்சிட்டுப் போகும். இல்லைன்னா காரியத்த செஞ்சு முடிச்சிடுங்க. செத்தவனத் தேடி எவனும் வர மாட்டான்." சொல்லிட்டு மிச்சத் தேத்தண்ணியையும் குடிச்சாரு.

வேலம்மாக்கா ஒரு ராத்திரி அழுதிச்சு, லயம் பூரா கேட்டிச்சு. காலையில எந்திரிச்சு மூஞ்சியக் கழுவிட்டு, மகன சாக வைக்கிறதுன்னு முடிவு பண்ணிடுச்சு. மகளையாச்சும் கரையேத்தணுமேன்னு அதுக்கு. நான் வேலம்மாக்காவ திட்டுறேன், ஆனா பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு அந்தப் பலகைக்கு எதுத்தாப்புல நீங்க நின்னிருந்தா என்னா சொல்லியிருப்பீங்களோ, எனக்குத் தெரியாது.

ஒடம்பு இல்லாம எப்புடிக் கருமாதி செய்யிறது? படத்த வச்சுத்தான். ஒடம்பு இருக்க எடத்துல நாக்காலியப் போட்டு, படத்த நிப்பாட்டி, அதுக்குத்தான் எல்லாம். அதுக்குப் பெரிய படம் வேணும். அப்பத்தான் அக்கா ஸ்டூடியோவுக்கு வந்திச்சு, கங்காணியையும் கூட்டிக்கிட்டு.

சந்திரா மேசையிலதான் இருந்திச்சு. அக்கா அதத் தாண்டி நேரா பின்னுக்கு என்கிட்ட வந்து, முந்தானையில முடிஞ்சிருந்த பாஸ்போட் சைஸ் படத்த எடுத்து நீட்டிச்சு. அந்தப் புள்ள தேடுறதுக்கு அடிச்ச படத்துல ஒண்ணு.

"தம்பி, இவன மட்டும் தனியா பெரிசாக்கணும்."

கையில இருந்த கண்ணாடிய மேசையில வச்சேன். "யாருக்கிட்ட வந்து என்னா கேக்குற? அந்தா இருக்குது மருமக, அதுக்கிட்ட கேளு"ன்னேன். அதுக்குள்ள சந்திரா எந்திரிச்சு வந்திடுச்சு. படத்தப் பாத்திச்சு, மாமியாரப் பாத்திச்சு, கங்காணியையும் பாத்திச்சு. வெளங்கிடுச்சு. அது எத்தன பேருக்கு அந்த சைசுல அடிச்சுக் குடுத்த புள்ள!

"அத்த, அவரு உசிரோட இருக்காரு."

"எங்க இருக்கான்? கூட்டிட்டு வா. இந்தா, இப்பவே கூட்டிட்டு வா பாப்பம்."

"தேடிக்கிட்டுத்தானே இருக்கேன். நீங்க மாலையப் போட்டுட்டா அப்பறம் அவர யாரு தேடுவா? எந்த ஆபீஸ்ல போய் நின்னாலும், வீட்டுலயே காரியம் செஞ்சாச்சாமேன்னு கதவ சாத்திடுவாங்க அத்த. ஒங்க காலுல விழுறேன். இன்னும் கொஞ்ச நாளு."

சும்மா சொல்லல, கவுண்டருல சனம் நிக்க நிக்க நெடுஞ்சாண்கிடையா விழுந்திடுச்சு. வேலம்மாக்கா கால பின்னுக்கு இழுத்துக்கிச்சு. கங்காணி வேட்டிய ஒதுக்கிக்கிட்டு, "பொம்பளைக்கு பொட்டு மேல அம்புட்டு ஆச"ன்னாரு. அந்தாளு வாயில ரெண்டு போடணும்னு எனக்கு கை துறுதுறுன்னுச்சு, சுத்தியல்வேற கையில இருந்திச்சு. மொதலாளி நடுவுல வந்துட்டாரு.

கலந்தர் மொதலாளி கெட்டவரு இல்ல, ஆனா வந்த வேலைய திருப்பி அனுப்புறது அவருக்குப் புடிக்காது. "ஏன் புள்ள கடையில வச்சு சத்தம் போடுறீங்க? படம்தானே. ஒங்களுக்கு ஏலாட்டி நான் செஞ்சு குடுக்கிறேன், நீங்க அங்கால போங்க"ன்னு சொல்லி அவரே உக்காந்துட்டாரு. மொதல்ல பாஸ்போட் படத்த பெருசாக்குனாரு. மூஞ்சி கட்டம் கட்டமா ஒடைஞ்சு போச்சு, கண்ணு எது மூக்கு எதுன்னு தெரியல. அப்பறம் கல்யாண சீடியத் தேடி எடுத்தாரு. மனுசனுக்கு படம் புடிக்கத் தெரியும், கம்ப்யூட்டர் சரியா வராது. மூலையப் புடிச்சு இழுக்காம பக்கத்தப் புடிச்சு இழுத்தாரு. அழகமுத்து மூஞ்சி பூசணிக்காயாட்டம் அகண்டு போச்சு.

வேலம்மாக்கா எட்டிப் பாத்து, "சதை புடிச்சு நல்லாத்தான் இருக்கான். இப்புடியே அடிங்க"ன்னுச்சு.

சந்திரா செவத்தோரம் நின்னுக்கிட்டு இருந்திச்சு. மொதலாளி இன்னொருக்கா இழுத்தாரு. மூக்கு கன்னத்துல பாதிக்கு வந்திடுச்சு.

"அவர இப்புடி இழுக்காதீங்க!" அந்தப் புள்ள கத்துன கத்துல கவுண்டர்ல நின்னவங்க திரும்பிட்டாங்க. "எந்திரிங்க மொதலாளி. நான் செய்யிறேன்."

ஏன்டா செஞ்சிச்சு, செய்யாம வெளியே போயிருக்கலாமேன்னு பின்னால நெறையப் பேரு கேட்டாங்க. மடப் பயலுக. அது செய்யாட்டியும் படம் மாட்டத்தான் போறாங்க. புருசன் மூஞ்சி கோணிப்போய் செவத்துல தொங்குறத அந்தப் புள்ளயால பொறுக்க முடியல. வேற ஒண்ணும் இல்ல.

உக்காந்திச்சு. சீடியில இருந்த படத்த புதுசாத் தெறந்து, பன்னெண்டுக்குப் பதினஞ்சு சைச வச்சு, அவனைச் சுத்திக் கட்டத்தப் போட்டிச்சு. தல, கழுத்து, ரெண்டு தோளு, நெஞ்சு வரைக்கும். தான் நின்ன பக்கத்த வெட்டி விட்டிச்சு. ஆனா தோளு வரணும்னா தோளுல இருக்க கையும் வரும்ல! ஆளு இல்ல, கை மட்டும் நிக்குது. மருதாணி வெரலு, கண்ணாடி வளையலு, மணிக்கட்டு வரைக்கும்.

"அந்தக் கைய எடு"ன்னுச்சு வேலம்மாக்கா.

"தோள வெட்டாம எடுக்க ஏலாது அத்த."

"ஏன் ஏலாது? ஓடிப்போனவள எல்லாம் எடுக்கத் தெரியுது, ஒன் கைய எடுக்கத் தெரியாதோ? சாமிகிட்ட வைக்கிற படத்துல வளையல் கை என்னாத்துக்கு? எடு."

அதுவும் சொல்லத்தான் தெரியும். கைய அழிக்கிறதுன்னா அடுத்த தோளுல இருந்து சட்டத் துணிய கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, கை இருக்க எடத்துல ஒட்டிக்கிட்டே வரணும். சந்திரா ஒட்டிச்சு. மொதல்ல வளையல் போச்சு. அப்பறம் மணிக்கட்டு. அப்பறம் வெரலு ஒவ்வொண்ணா. மாமியா பின்னால நின்னு, "இந்தா இன்னும் ஒரு வெரல் தெரியுது பாரு"ன்னு காட்டிக் குடுத்திச்சு. அந்தப் புள்ளயோட கண்ணுல இருந்து சொட்டுச் சொட்டா விழுது, கை மட்டும் மவுஸ விடல. கங்காணி பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. என் ஆயுசுல நான் அவ்வளவு கேவலமான வேலையப் பாத்தது இல்ல.

ப்ரிண்ட் என் கைக்கு வந்தப்ப பாத்தேன். கை இருந்த எடத்துல பட்டுச் சட்ட மடிப்பு சேரல. ஒரு மடிப்பு மேல போவுது, இன்னொண்ணு கீழ போவுது.

"புள்ள, தோளுல கொஞ்சம் கோணலா இருக்கே"ன்னேன்.

"இருக்கட்டும்ணே. மாலையில மறைஞ்சிடும்"னுச்சு.

கறுப்பு ப்ரேம் போட்டு, பல்புக்கு ஓட்ட போட்டுக் குடுத்தேன்.

கருமாதிக்கு லயமே கூடிச்சு. நாக்காலியில அழகமுத்து சிரிச்சுக்கிட்டு இருந்தான். கல்யாணத்து அன்னைக்கு எடுத்த படமாச்சே, சிரிக்காம? சந்திரா வீட்டுக்குள்ள கதவப் பூட்டிக்கிச்சு. கங்காணி வாசல்லயே நின்னாரு, எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டுத்தான் போவேன்னு. கதவ ஒடைச்சாங்க. தாலியறுத்த கெழவிங்க மூணு நாலு பேரு உள்ள போய் அந்தப் புள்ளய கைத்தாங்கலா கொண்டாந்து, படத்துக்கு முன்னால உக்கார வச்சாளுங்க. கைத்தாங்கலாங்கிறது சும்மா பேச்சுக்கு, இழுத்துட்டு வந்தாளுங்க. பொட்ட அழிச்சாளுங்க. அந்தப் புள்ள தலைய அங்கயும் இங்கயும் ஆட்டுனதுல குங்குமம் மூஞ்சி பூரா ஆயிடுச்சு. வளையல ஒடைக்கிறப்ப மணிக்கட்டு கிழிஞ்சு போச்சு. தாலியக் கழட்டி பால் சொம்புல போட்டாளுங்க. "அவரு இருக்காரு, அவரு இருக்காரு"ன்னு அது சொல்லிக்கிட்டே இருந்திச்சு, சத்தம் போடாம. யாரும் காதுல வாங்கல. புஷ்பவதி உள்ளுக்குள்ள நின்னு வாயப் பொத்திக்கிட்டு அழுதிச்சு, அதுவும் பொய் இல்ல.

அடுத்த தையில புஷ்பவதிக்கு கல்யாணம் நடந்திச்சு. அண்ணிக்காரி தாலியறுத்தவளாச்சே, சபையில நிக்கலாமா? கூப்பிடல. அந்தக் கல்யாணப் படமெல்லாம் நம்ம ஸ்டூடியோவுக்குத்தான் வந்திச்சு, அந்தப் புள்ளதான் சைஸ் பண்ணி அடிச்சிச்சு. பொலிஸும் அதுக்கப்பறம் லயத்துப் பக்கம் வரல. கங்காணி கெட்டிக்காரன், சொன்னது சொன்ன மாதிரி நடந்திச்சு.

சந்திரா டவுன்லயே ஒரு சின்ன ரூம் எடுத்துக்கிச்சு. வெறும் நெத்தி, வெளுத்த சேல. அப்பவும் தேடப் போகும். ஆனா அது பயந்த மாதிரியே, ஒரு ஆபீஸ்ல தொரை ஒருத்தன் அதோட நெத்தியப் பாத்துட்டு, "ஒங்களுக்கே அவர் இல்லைன்னு தெரிஞ்சிருக்கு, அப்பறம் எங்ககிட்ட என்னத்தக் கேக்குறீங்க?"ன்னானாம். அன்னையில இருந்து பஸ் ஏறல. கைப்பையில இருந்த பாஸ்போட் படத்தையெல்லாம் கொண்டாந்து லாச்சியில போட்டுப் பூட்டிடுச்சு.

ரெண்டாயிரத்து ஒம்பதுல சண்ட முடிஞ்சிச்சு. ரோட்டுல பட்டாசு, கொடி, பாற்சோறு. நாங்க கதவ பாதி சாத்திக்கிட்டு வேல செஞ்சோம். அதுக்குப் பெறகு, புடிச்சு வச்சிருந்தவங்கள்ல சில பேர விடுறாங்கன்னு பேச்சு அடிபட்டிச்சு. சந்திரா அதக் காதுலயும் போட்டுக்கல, போட்டுக்கிட்டு என்னா செய்ய?

அந்த வருசக் கடைசியில ஒரு மத்தியானம். கண்ணாடிக் கதவத் தள்ளிக்கிட்டு ஒரு ஆளு உள்ள வந்தான். சட்டக்குள்ள ஒடம்ப தேடணும், அப்புடி ஒரு மெலிவு. முன்பல்லு ரெண்டு இல்ல. பாஸ்போட் படம் எடுக்க வந்த ஆளுன்னு நெனைச்சு "அங்கிட்டு உக்காருங்க"ன்னேன். அவன் உக்காரல. கம்ப்யூட்டர் மேசையவே பாத்துக்கிட்டு நின்னான். சந்திரா தலைய நிமித்திச்சு.

மேசைய புடிச்சுக்கிட்டே எந்திரிச்சிச்சு. எனக்கு அப்பத்தான் ஆளு பிடிபட்டிச்சு. அட மாரியாத்தா! அழகமுத்து!

தெக்குப் பக்கம் ஒரு கேம்புல வச்சிருந்திருக்காங்க, இவ்வளவு காலமும். ஒரு கடுதாசி போட விடல. பஸ்ல வந்து எறங்குனவன், லயத்துக்குக்கூடப் போகாம நேரா பொண்டாட்டியப் பாக்க வந்திருக்கான்.

அவன் கிட்ட வந்தான். கண்ணு அதோட நெத்திக்குப் போச்சு. அங்க இருந்து கழுத்துக்குப் போச்சு. கழுத்துல இருந்து வெறும் கைக்குப் போச்சு. மூஞ்சியில இருந்த சிரிப்பு மெதுவா அழிஞ்சிடுச்சு.

"நான் உசிரோட நிக்கிறேன்"ன்னான். "நீ எவனுக்குடி தாலியறுத்த?"

நானும் மொதலாளியும் பக்கத்துல நிக்கிறோம், அவன் கேக்குறான். தான் போனதுக்கப்பறம் இவ இன்னொருத்தன கட்டி, அவனும் செத்துட்டான் போலன்னு நெனைச்சுக்கிட்டான். வேற என்னாத்த நெனைப்பான்? புருசன் இருக்கையில தாலியில்லாம நிக்கிற பொம்பளைக்கு வேற என்னா கணக்கு? நான் "டேய் நாயே"ன்னு பாஞ்சேன். சந்திரா கையக் காட்டி என்னை நிப்பாட்டிடுச்சு. அழுவல. அது அழுவாததுதான் எனக்குப் பயமா இருந்திச்சு.

"வாங்க. காட்டுறேன்"னுச்சு.

மூணு பேரும் ஒரே பஸ்ல போனோம். லயத்து வாசல்ல வேலம்மாக்கா மாலையும் கையுமா நின்னிச்சு. வெள்ளிக்கெழம, படத்துக்கு மால மாத்துற நேரம். புஷ்பவதி மசக்கையா இருந்ததால மாப்பிள்ளயும் வந்து தங்கியிருந்தாரு.

அக்கா மகனப் பாத்திச்சு. மேலயும் கீழயும் பாத்திச்சு. கண்ணு நெறைஞ்சிச்சு. ஓடி வந்து கட்டிப் புடிக்கும்னு நான் நெனைச்சேன். சத்தியமா நெனைச்சேன்.

"சத்தம் போடாதடா"ன்னுச்சு. "மாப்பிள்ள உள்ள தூங்குறாரு."

அழகமுத்து அம்மாவத் தாண்டி உள்ள பாத்துக்கிட்டு நின்னான். செவத்துல கறுப்பு ப்ரேமுக்குள்ள அவனே சிரிச்சுக்கிட்டு இருக்கான், மேல செவப்பு பல்பு எரியுது. பழைய மாலைய எடுத்திருந்ததால தோளு நல்லாத் தெரிஞ்சிச்சு. ரொம்ப நேரம் பாத்தான்.

"தோளுல என்னா அது?"ன்னு கேட்டான். "சட்ட ஏன் அந்த எடத்துல கோணலா இருக்கு?"

"அங்க என் கை இருந்திச்சு"ன்னு சொல்லிச்சு சந்திரா. "எடுக்கச் சொன்னாங்க. நான்தான் எடுத்தேன்."

அவன் மெதுவா திரும்பி அந்தப் புள்ளயோட கையப் பாத்தான். வளையல் கிழிச்ச தழும்பு மணிக்கட்டுல இருந்திச்சு. அதத் தொட கைய நீட்டுனான். சந்திரா கைய முந்தானைக்குள்ள மறைச்சுக்கிச்சு. திரும்பி ரோட்டப் பாத்து எறங்கிப் போயிடுச்சு, கூப்பிட்டதுக்கு நிக்கல.

வேலம்மாக்கா கையில மால இருக்கு. மகன் வாசல்ல நிக்கிறான். உள்ளுக்குள்ள மாப்பிள்ள பொரண்டு படுக்கிற சத்தம் கேக்குது. அக்காவுக்கு என்னா செய்யிறதுன்னு தெரியல. உள்ள போய், எக்கி, அந்த மாலைய கொண்டு போய் படத்துலயே போட்டுடுச்சு.